யூரின் நல்லாத்தானே போகுது? முதுகு ஆபரேஷனும் ஒரு மெல்லிய குழாயும்

இந்தப் பாட்காஸ்ட்ல வழக்கமா சர்வர் ஏன் விழுந்தது, பாலம் ஏன் இடிஞ்சது, ராக்கெட் ஏன் வெடிச்சதுன்னு பேசுவோம். இன்னிக்கு உடம்புக்குள்ள இருக்குற ஒரு குழாயைப் பத்திப் பேசப் போறேன். அது உடைஞ்சா வெளியில தெரியாது. ஏன் தெரியலங்குறதுதான் இந்த எபிசோட்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் எஞ்சினியர். இந்த விஷயத்தை நான் படிக்கக் காரணம் என் பெரியப்பா. அவருக்கு நடந்ததை நடுவுல சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் குழாய் எங்கே இருக்கு, முதுகு ஆபரேஷன்ல அது எப்படி மாட்டுதுன்னு பார்த்துடலாம். இல்லைன்னா கதை புரியாது.

சிறுநீரகத்துல இருந்து சிறுநீர்ப்பைக்கு யூரினைக் கொண்டுவர்ற குழாய்க்குப் பேரு யூரேட்டர். தமிழ்ல சிறுநீர்க்குழாய்ன்னு சொல்றோம். பையில இருந்து வெளியே வர்ற வழிக்கு யூரித்ரான்னு பேரு. ரெண்டுமே குழாய்தான், பேரும் ஒரே மாதிரி, அதனால வீட்டுல எல்லாரும் குழப்பிக்குவாங்க. நாம பேசுறது மேல இருக்குற யூரேட்டரைப் பத்தி. வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. நீளம் 25-ல இருந்து 30 செ.மீ. விட்டம் சில மில்லிமீட்டர்தான். சோடா குடிக்கிற ஸ்ட்ராவை விட மெலிசுன்னு வெச்சுக்கலாம்.

இது வெறும் பைப் இல்லை. சுவர்ல தசை இருக்கு. மண்புழு மாதிரி சுருங்கிச் சுருங்கி யூரினைக் கீழே தள்ளும். ஆபரேஷன் நேரத்துல சர்ஜனுக்கு ரத்தக்குழாயா யூரேட்டரான்னு சந்தேகம் வந்தா, மெதுவா ஒரு தொடு தொட்டுப் பார்ப்பாங்களாம். நெளிஞ்சா யூரேட்டர்.

இப்போ இடம். முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் சோவாஸ்ன்னு ஒரு கனமான தசை இருக்கு. தொடையைத் தூக்க உதவுற தசை. யூரேட்டர் இந்த சோவாஸ் மேலதான் படுத்துக்கிட்டு கீழே இறங்குது. குடல் இருக்குற அறைக்குள்ள அது இல்லை. அந்த அறையைச் சுத்தி பெரிட்டோனியம்னு ஒரு சவ்வு இருக்கு, அந்தச் சவ்வோட பின்பக்கம் ஒட்டிக்கிட்டுப் போகுது. அப்படின்னா இடுப்புப் பகுதி டிஸ்க்குக்கும் இந்தக் குழாய்க்கும் நடுவுல பெரிய தூரம் எதுவும் இல்லை. சில சென்டிமீட்டர்தான்.

டிஸ்க் ஆபரேஷன்ல ரொம்பப் பழைய வழி, ஆளைக் குப்புறப் படுக்க வெச்சு முதுகுல திறந்து, நரம்பை அழுத்துற டிஸ்க் துண்டை எடுக்குறது. 1934-ல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதின கட்டுரைக்கு அப்புறம் உலகம் முழுக்கப் பரவின முறை இது. டிஸ்க்குக்குள்ள இருக்குற துண்டுகளைப் பிடிச்சு இழுக்க ராஞ்சர்னு ஒரு கருவி வெச்சிருப்பாங்க. நீளமான கழுத்து, நுனியில குறடு மாதிரி வாய். சிக்கல் என்னன்னா, சர்ஜன் பின்பக்கம் இருந்து உள்ளே போறார். டிஸ்க்கோட முன்பக்கச் சுவர் அவர் கண்ணுக்குத் தெரியாது. கை உணர்வுலதான் போகணும். வயசானவங்களுக்கு அந்த முன்சுவர் ஏற்கெனவே நைஞ்சுபோய் ஓட்டை விழுந்திருக்கலாம். அப்போ ராஞ்சர் முன்னாடி எட்டிப் பார்த்துட்டு, டிஸ்க்னு நெனச்சு வேற எதையோ கடிச்சுட்டு வரும்.

அப்படிக் கடிபடுறதுல ரொம்பப் பயப்பட வேண்டியது ரத்தக்குழாய். அயோர்ட்டாவும் அதோட கிளைகளும் அங்கேதான் இருக்கு. அது கிழிஞ்சா பிரஷர் சட்டுனு இறங்கும், ஆபரேஷன் தியேட்டர்லயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். யூரேட்டர் கிழிஞ்சா ஒண்ணுமே தெரியாது. பிரஷர் இறங்காது, அலாரம் அடிக்காது. காயத்துக்குத் தையல் போட்டு வார்டுக்கு அனுப்பிடுவாங்க.

ரெண்டாவது வழி, முன்பக்கம் இல்லைன்னா பக்கவாட்டுல இருந்து போறது. ஏ.எல்.ஐ.எஃப்., ஓ.எல்.ஐ.எஃப். மாதிரி பேருங்க எல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. டிஸ்க்கை எடுத்துட்டு அங்கே ஒரு கேஜ் வெச்சு ரெண்டு எலும்பையும் ஒட்ட வைக்கிற ஆபரேஷன். இதுல ஓ.எல்.ஐ.எஃப். பெரும்பாலும் இடது பக்கத்துல திறந்து, அயோர்ட்டாவுக்கும் சோவாஸ் தசைக்கும் நடுவுல இருக்குற சந்து வழியாப் போகும். முதுகுத் தசையை வெட்ட வேண்டாம், நரம்புப் பக்கம் போக வேண்டாம்ங்குறது இதோட நல்ல பக்கம். ஆனா அந்தச் சந்துலதான் நம்ம யூரேட்டரும் குடியிருக்கு. சவ்வை முன்பக்கமாத் தள்ளும்போது யூரேட்டரும் அதோட சேர்ந்து ஒதுங்கிடும். சாதாரணமா அப்படித்தான் நடக்கும். ஏற்கெனவே அந்த இடத்துல ஆபரேஷன் ஆகியிருந்தா, கிருமித் தொற்று வந்து போயிருந்தா, இல்லை ரேடியேஷன் குடுத்திருந்தா, எல்லாம் ஒட்டிப் போயிருக்கும். அப்போ ஒதுங்காது. ரிட்ராக்டர்ல நசுங்கலாம், கிழியலாம், ரத்தம் நிறுத்த வெக்கிற சூட்டுல வெந்துபோகலாம்.

இந்த வெந்துபோறது கொஞ்சம் விஷமமான ரகம். அன்னைக்கு ஓட்டை இருக்காது. சுவருக்கு ரத்த ஓட்டம் போய், சில நாள் கழிச்சு அந்த இடம் செத்து உதிர்ந்து, அப்புறம் ஒழுக ஆரம்பிக்கும். சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இது நல்லாப் புரியும். டெப்ளாய் பண்ண அன்னைக்கு எல்லா டெஸ்டும் பச்சை, அஞ்சாவது நாள் மெமரி லீக்.

ஒரு விஷயம், பயமுறுத்துறதுக்காக இதைப் பேசல. முதுகு ஆபரேஷன்ல யூரேட்டர் காயம் ரொம்ப அபூர்வம். ஆபரேஷன்ல நடக்குற யூரேட்டர் காயங்கள்ல பெரும்பகுதி மகளிர் மருத்துவ ஆபரேஷன்கள்ல, அதுலயும் கர்ப்பப்பை எடுக்குறப்போ நடக்குறது. கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய்க்கு அடியில யூரேட்டர் போறதால, பாலத்துக்கு அடியில தண்ணின்னு மருத்துவக் கல்லூரியில ஞாபகம் வெச்சுக்கச் சொல்லிக் குடுப்பாங்க. அதனால மகளிர் மருத்துவர்கள் எப்பவும் இதைச் சந்தேகப்படுவாங்க. முதுகு வார்டுல அந்தச் சந்தேகம் சீக்கிரம் வராது. அபூர்வமா நடக்குறதாலதான் லேட்டாக் கண்டுபிடிக்கிறாங்க.

சரி, பெரியப்பா. வயசு 61. எல்4-எல்5 டிஸ்க், கால் வழியா மின்சாரம் மாதிரி வலி, ஆறு மாசம் மாத்திரை, பிசியோ எல்லாம் பார்த்துட்டு பின்பக்க வழியில ஆபரேஷன். ஆஸ்பத்திரி பேர் சொல்லப் போறதில்லை, கேட்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே நடந்தார். கால் வலி போயிடுச்சு. மூணாவது நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. அஞ்சாவது நாள் வயிறு உப்பிப் போச்சு. சோறு வேண்டாம்னார். இடது விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே பக்கவாட்டுல ஒரு வலி. ராத்திரி நூறு டிகிரி காய்ச்சல். ரெண்டு வாட்டி வாந்தி.

திரும்ப அட்மிட் பண்ணோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயமான விளக்கம் கிடைச்சது. வயிறு உப்புசமா? வலி மாத்திரை, படுத்தே இருக்குறது, முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் குடல் கொஞ்சம் தூங்கும். பக்கவாட்டு வலியா? தசையைத் திறந்திருக்கோம்ல. காய்ச்சலா? சளி இருக்கான்னு பாருங்க. வாந்தியா? ட்ரமடால் சேரல. யாரும் அலட்சியமாச் சொல்லல. தனித்தனியாப் பார்த்தா எல்லாமே உண்மையா இருக்கக்கூடிய விளக்கம்தான்.

பெரியம்மா ஒரு தடவை நர்ஸ்கிட்ட, “ஏம்மா, அந்தக் கிட்னி கிட்னிங்கிறாங்களே, அது ஏதாவது இருக்குமா?”ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு யூரின் அளவு எழுதி வெச்ச சார்ட்டைப் பார்த்துட்டு, “இல்லைங்கம்மா, யூரின் நல்லாத்தான் போகுது, கவலைப்படாதீங்க”ன்னு சொல்லிச்சு.

இந்த ஒரு வாக்கியத்துலதான் எனக்கு மொத்த விஷயமும் இருக்கு. லோட் பேலன்சருக்குப் பின்னாடி ரெண்டு சர்வர் இருக்குன்னு வைங்க. ஒண்ணு செத்துப் போச்சு. வெப்சைட் ஓடிக்கிட்டே இருக்கும். வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் சரி. அதே மாதிரி ஒரு பக்க யூரேட்டர் முழுசா அறுந்தாலும், அடுத்த பக்கத்து கிட்னி பைக்கு யூரினை அனுப்பிக்கிட்டே இருக்கும். நல்ல மஞ்சளா, ரத்தமே இல்லாம வரும். ரத்தம் கலந்து வந்தா சந்தேகம் வரணும், சரி. ஆனா ரத்தம் இல்லைங்குறதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. முழுசா அறுந்திருந்தா அந்தப் பக்கத்து ரத்தம் பைக்கு வரவே வழி இல்லையே.

சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, ஒண்ணரை லிட்டர் யூரின் வரும். அதுல ஏறக்குறைய பாதி ஒரு பக்கம். அந்தப் பாதி வயித்துக்குப் பின்னாடி இருக்குற கொழுப்புக்குள்ளயோ, சவ்வு கிழிஞ்சிருந்தா குடல் இருக்குற அறைக்குள்ளயோ கொட்டிக்கிட்டே இருக்கும். கட்டி மாதிரி தேங்குற அந்தச் சிறுநீர்க் குளத்துக்கு யூரினோமான்னு பேரு. யூரின் பட்டா குடல் எரிச்சல்ல வேலையை நிறுத்தும், அதான் உப்புசமும் வாந்தியும். அதுல கிருமி சேர்ந்தா காய்ச்சல், சீழ், கடைசியில செப்சிஸ் வரைக்கும் போகலாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை டேட்டா எழுதி வைக்கிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வர வர எக்செல் ஷீட்ல போட்டுக்கிட்டே வந்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி கிரியேட்டினின் 0.9. அட்மிட் பண்ண அன்னைக்கு 1.3. மறுநாள் 1.7. தனித்தனித் தாள்ல பார்த்தா “கொஞ்சம் ஜாஸ்தி, தண்ணி சத்து கம்மி”ன்னு போயிடும். ஒரே வரிசையில பார்த்தா படி ஏறுது. டிரிப் ஏத்தின பிறகும் ஏறுது. டியூட்டி டாக்டர் ஒருத்தர், ரொம்பச் சின்ன வயசு, என்னை விடச் சின்னவராத்தான் இருக்கணும். அவர்கிட்ட ஷீட்டைக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பேசாம பார்த்தார். “யூரின் எவ்வளவு போகுது?”ன்னு கேட்டார். சொன்னேன். “அப்போ இது ஏன் ஏறுது?”ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டார்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது, அது ரொம்ப அழகான ஒரு இயக்கம். கிட்னி ரத்தத்துல இருந்து கிரியேட்டினினைப் பிரிச்சு யூரின்ல தள்ளுது. அந்த யூரின் வெளியே போகாம உள்ளேயே கொட்டினா, சவ்வு அதை உறிஞ்சித் திரும்ப ரத்தத்துல சேர்த்துடும். வாசல்ல கொட்டின குப்பை ஜன்னல் வழியா உள்ளே வர்ற மாதிரி. கிட்னி ரெண்டும் ஒழுங்கா வேலை செஞ்சும் ரத்தப் பரிசோதனையில கிட்னி பழுதான மாதிரி தெரியும். இதுக்கு எதிர்ப் பக்கமும் ஒண்ணு இருக்கு. யூரேட்டர் கிழியாம, தையல்லயோ கிளிப்லயோ மாட்டி அடைச்சுப் போச்சுன்னா, அடுத்த கிட்னி சமாளிச்சுக்கும், கிரியேட்டினின் லேசா ஏறலாம், ஏறாமலும் போகலாம். அந்தப் பக்கத்து கிட்னி மட்டும் வீங்கி, சத்தமில்லாம சாகும். அதனால கிரியேட்டினின் சரியா இருந்தா காயமே இல்லைன்னும் சொல்ல முடியாது.

அன்னைக்கே சி.டி. எடுத்தாங்க. இடது பக்கம் சோவாஸை ஒட்டித் திரவம் தேங்கியிருக்குன்னு ரிப்போர்ட். ரத்தக் கட்டியா இருக்கலாம், சீழா இருக்கலாம்னு எழுதியிருந்தது. இங்கேதான் இன்னொரு நுணுக்கம். வழக்கமான வயித்து சி.டி.யில ஊசியில சாயம் ஏத்தி ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்துலயே படம் எடுத்துடுவாங்க. சாயம் அப்போ ரத்தக்குழாய்லயும் கிட்னியிலயும்தான் இருக்கும், யூரேட்டருக்கு இன்னும் வந்திருக்காது. ஓட்டை இருந்தாலும் அது வழியா ஒழுகுறது தெரியாது. ஏறக்குறைய பத்து நிமிஷம் காத்திருந்து திரும்ப ஒரு படம் எடுக்கணும். அப்போதான் சாயம் யூரினோட கலந்து குழாய்ல இறங்கி, ஓட்டை வழியா வெளியே கசியறது வெள்ளையா, பளிச்சுன்னு தெரியும். அந்தத் தாமதப் படம் சேர்ந்ததைத்தான் சி.டி. யூரோகிராம்னு சொல்றாங்க. “சி.டி. எடுத்தாச்சே”ங்குறதும் “சி.டி. யூரோகிராம் எடுத்தாச்சே”ங்குறதும் ஒண்ணு இல்லை. லாக் இருக்கு, ஆனா தப்பான நேரத்து லாக்.

பெரியப்பாவுக்குக் கிரியேட்டினின் ஏறியிருந்ததால திரும்பவும் சாயம் ஏத்த யோசிச்சாங்க. அந்தச் சின்ன டாக்டர் ஒரு வேலை பண்ணார். ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசி போட்டு, தேங்கின திரவத்துல கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அதுல கிரியேட்டினின் எவ்வளவுன்னு லேபுக்கு அனுப்பினார். ரத்தத்துல 1.7. அந்தத் திரவத்துல 22.

இந்தப் பரிசோதனையைப் பத்தி நான் யார்கிட்ட வேணும்னாலும் ஒரு மணி நேரம் பேசுவேன். எளிமையானது, விலை குறைஞ்சது, எந்த லேப்லயும் முடியும். ரத்தக் கசிவோ, நிணநீரோ, தண்டுவடத் திரவமோ எதுவா இருந்தாலும் அதுல இருக்குற கிரியேட்டினின் ஏறக்குறைய ரத்தத்துல இருக்குற அளவுதான் இருக்கும். யூரின்ல மட்டும்தான் அது பல மடங்கு. கிட்னி வேலையே அதைச் செறிவாக்கி அனுப்புறதுதானே. முதுகு ஆபரேஷன்ல இது இன்னும் முக்கியம். ஏன்னா தையல் வழியாவோ டிரெயின் வழியாவோ தெளிவா தண்ணி மாதிரி ஏதாவது வந்தா, முதுகு சர்ஜனுக்கு முதல்ல தோணுறது தண்டுவட உறை கிழிஞ்சு சி.எஸ்.எஃப். ஒழுகுதுங்குறதுதான். அது அடிக்கடி நடக்குற விஷயம், அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனா அது யூரினாவும் இருக்கலாம். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கிரியேட்டினின் பார்த்தா பிரிச்சுடலாம்.

அதுக்கப்புறம் யூராலஜிஸ்ட் வந்தார், வேலை வேகமா நடந்தது. சிஸ்டோஸ்கோபி வழியா சிறுநீர்ப்பைக்குள்ள போய், யூரேட்டர் வாய்ல இருந்து மேல்நோக்கிச் சாயம் ஏத்திப் படம் எடுத்தாங்க. ரெட்ரோகிரேட் பைலோகிராம். இதுல சாயம் ரத்தத்துக்குப் போகாததால கிட்னிக்குப் பெரிய சுமை இல்லை. காயம் எங்கேன்னு துல்லியமாச் சொல்றதும் இதுதான். சாயம் பாதி வழி ஏறி, டிஸ்க் மட்டத்துல பக்கத்துல சிதறிச்சு. அதுக்கு மேல குழாய் தெரியவே இல்லை.

சிகிச்சையை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்கங்குறதுக்கு ரெண்டு கேள்வி. எவ்வளவு அறுந்திருக்கு? எப்போ தெரிஞ்சது? ஆபரேஷன் மேஜையிலயே தெரிஞ்சா அதிர்ஷ்டம், அங்கேயே யூராலஜிஸ்ட்டைக் கூப்பிட்டுத் தைச்சு, உள்ளே ஸ்டென்ட் வெச்சுடலாம். கொஞ்சமாக் கிழிஞ்சிருந்தா தையல்கூட வேண்டாம், ஸ்டென்ட் மட்டும் வெச்சா அதைச் சுத்திக் குழாய் தானே வளர்ந்து மூடிக்கும். அதுக்கு ஆறு வாரக் கணக்கு சொல்றாங்க. டிஜே ஸ்டென்ட்ன்னு பேரு. கல்யாண வீட்டு டிஜே இல்லை. ரெண்டு முனையும் ஜே எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும், ஒரு வளைவு கிட்னியில, ஒரு வளைவு பையில. மேலேயும் நழுவாது, கீழேயும் நழுவாது. 1978-ல ராய் ஃபின்னி விவரிச்ச வடிவம். அதுக்கு முன்னாடி வெச்ச நேரான ஸ்டென்ட் எல்லாம் இடம் மாறிக்கிட்டே இருந்ததாம். வளைச்சு விட்டதுல பிரச்சினை தீர்ந்துச்சு. எஞ்சினியரா எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன்.

பெரியப்பாவுக்கு அந்த ஸ்டென்ட்டை ஏத்தப் பார்த்தாங்க. கம்பி அந்த இடத்தைத் தாண்டவே இல்லை. ஓட்டை பெரிசு. அதனால அடுத்த வழி, முதுகுப் பக்கமா மரத்துப்போற ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்து நேரா கிட்னிக்குள்ள ஒரு டியூப். நெஃப்ராஸ்டமி. யூரினை ஓட்டைக்கு வர விடாம மேலயே வெளியே எடுத்துப் பையில சேர்க்கிறது. தேங்கின குளத்துக்குத் தனியா ஒரு டிரெயின். ஆன்டிபயாட்டிக். மூணு நாள்ல கிரியேட்டினின் 1.0. வயிறு இறங்கிச்சு. இட்லி கேட்டார். பெரியம்மா அழுதது அப்போதான், அது வரைக்கும் அழல.

“ஏன் சார் உடனே திறந்து தைக்கல?”ன்னு நான் கேட்டேன். காயம் நடந்து ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சு, ஆள் தெம்பா, கிருமி இல்லாம இருந்தா சில சமயம் உடனே செய்வாங்களாம். நாள் தாண்டி, உள்ளே வீங்கி, கிருமியும் சேர்ந்துட்டா, ஈரக் காகிதத்தைத் தைக்கிற மாதிரி ஆயிடும், பிடிக்காதுன்னார். வீக்கம் வடியணும். வழக்கமா ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் காத்திருப்பாங்க. பெரியப்பா பத்து வாரம் இடுப்புல பையோட இருந்தார். வேட்டிக்குள்ள பையை மறைச்சுக்கிட்டு ரெண்டு கல்யாணத்துக்கும் போனார். எனக்கு அது மறக்காது.

அப்புறம் ரிப்பேர் ஆபரேஷன். சேதமான துண்டை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு நல்ல முனையையும் சாய்வா வெட்டி அகலமாக்கி, இழுவிசை இல்லாம, கரையுற நூல்ல சேர்த்துத் தைச்சு, உள்ளே ஸ்டென்ட். இழுத்துக் கட்டினா பிரிஞ்சுடும், இல்லை சுருங்கிடும், அதனால இழுவிசை இல்லாம இருக்கணும்ங்குறதுதான் முதல் விதி. அறுந்தது கீழே, பைக்குப் பக்கத்துலன்னா குழாயை நேராப் பையிலயே வேற இடத்துல ஒட்ட வெச்சுடலாம். நீளம் பத்தலைன்னா பையையே மேலே இழுத்து சோவாஸ் தசையோட தைச்சு நிறுத்துவாங்க. பாருங்க, குழாய்க்கு வினையான அதே தசை இங்கே ஆணி மாதிரி உதவுது. அதுக்கும் பத்தலைன்னா பைச் சுவர்ல இருந்து ஒரு பட்டையைச் சுருட்டிக் குழாய் ஆக்குறது, போவாரி ஃபிளாப். போவாரி இதை 1894-ல நாய்கள்ல செய்து காட்டினார். ரொம்ப நீளமாப் போயிருந்தா குடல் துண்டை வெச்சுக் கட்டுறதும், கிட்னியையே கழட்டிக் கீழே கொண்டுவந்து பொருத்துறதும்கூட உண்டு. எதுவுமே முடியாம, அந்த கிட்னியும் செத்திருந்தா எடுத்துடுவாங்க.

கிட்னியை எடுக்குறதுன்னதும் ஒரு பழைய கதை. திட்டமிட்டு வெற்றியா முதல் முதல்ல ஒரு கிட்னியை எடுத்தவர் ஜெர்மனியில ஹைடல்பர்க் நகர சர்ஜன் குஸ்தாவ் சைமன், 1869 ஆகஸ்ட் 2. எதுக்கு எடுத்தார்ன்னு நெனைக்கிறீங்க? புற்றுநோய்க்கோ கல்லுக்கோ இல்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னாடி நடந்த வயித்து ஆபரேஷன்ல யூரேட்டர் காயமாகி, யூரின் விடாம ஒழுகிக்கிட்டே இருந்தது. ஒழுகலை நிறுத்த வேற வழி இல்லை. ஒரு கிட்னியோட உயிர் வாழ முடியுமான்னு அப்போ யாருக்கும் உறுதியாத் தெரியாது. நாய்கள்ல செஞ்சு பார்த்துட்டுத்தான் அந்தப் பெண்ணுக்கு எடுத்தார். அவங்க பிழைச்சாங்க. ரெண்டுல ஒண்ணு போதும்னு மனுஷனுக்குத் தெரிஞ்சதே இந்த மாதிரி ஒரு குழாய்க் காயத்தாலதான். அந்த ஒண்ணு போதும்ங்குறதுதான் இன்னிக்கு வார்டுல இதை நம்ம கண்ணுல இருந்து மறைக்கவும் செய்யுது.

இந்த எபிசோட் கேட்டுட்டு யாராவது ஆஸ்பத்திரியில இருந்தா, நேரடியா உதவுற மாதிரி சிலது சொல்றேன். சண்டை போட்டா டாக்டர் கதவைச் சாத்திக்குவார், அது என் அனுபவம். கேள்வியாக் கேளுங்க. முதுகு ஆபரேஷன் முடிஞ்சு சில நாள்ல, சில சமயம் ரெண்டு மூணு வாரத்துலகூட, வயிறு உப்புசம், ஒரு பக்க விலா வலி, காய்ச்சல், ஏறுற கிரியேட்டினின், தையல்ல தெளிவான கசிவு, இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்தா, “டாக்டர், இது யூரேட்டர் சம்பந்தப்பட்டதா இருக்க வாய்ப்பு உண்டா?”ன்னு கேளுங்க. திரவம் ஏதாவது கிடைச்சா, “இதுல கிரியேட்டினின் பார்க்கலாமா?” சி.டி. எடுக்கப் போறாங்கன்னா, “லேட்டா ஒரு படம் சேர்த்து எடுப்பீங்களா?” இந்த மூணு கேள்வியில எந்த டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டாலும் மனசுல ஒரு ஓரத்துல யோசிச்சுப் பார்ப்பார்.

இன்னொண்ணு, ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு அனுப்பினா, எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில பெரிசா எழுதி வாங்குங்க. உள்ளே இருக்கும்போது அடிக்கடி யூரின் வரும், போகும்போது விலாவுல சுருக்குன்னு வலிக்கும், கொஞ்சம் ரத்தம் வரலாம். அது பழகிடும். பழகிடுறதுதான் ஆபத்து, நிறைய பேர் மறந்தே போயிடறாங்க. மாசக்கணக்கா விட்டா மேல கல்லு படிஞ்சு, அதை எடுக்குறதே ஒரு தனி ஆபரேஷன் ஆயிடும். எடுத்த பிறகும் விஷயம் முடியல. தைச்ச இடம் மெல்லச் சுருங்கி அடைக்கலாம், அதுக்கு வலியே இருக்காது. அதனால சில மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் எடுத்து கிட்னி வீங்கியிருக்கான்னு பார்க்கணும்.

பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் எடுத்து மூணு மாசம் கழிச்சு எடுத்த ஸ்கேன்ல வீக்கம் இல்லை. கிரியேட்டினின் 0.9. முதுகு ஆபரேஷன் பண்ண டாக்டரைத் திரும்பப் போய்ப் பார்த்தார். எங்க வீட்டுல பாதிப் பேருக்கு அது பிடிக்கல, எனக்கும் முழுசாப் பிடிக்கல. “கால் வலி போயிடுச்சுல்ல தம்பி, அதைச் சொல்ல வேண்டாமா?”ன்னார். அந்த டாக்டரும் நடந்ததை மறைக்காம, எப்படி ஆகியிருக்கும்னு படம் போட்டுக் காட்டினாராம். அந்தத் தாளைப் பெரியப்பா இன்னும் மடிச்சு வெச்சிருக்கார்.

அடுத்த எபிசோட்ல வழக்கம்போல சர்வர் பக்கம் போயிடுவோம்.